பத்தொன்பது ஆட்டங்களும் ஓர் ஐஸ்கிரீம் வாளியும்

நான் சுகமாகிவிட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இதை வாசிக்கும் யாரோ ஒருவர் இப்போது ஒரு வார்டில், ஊசி ஏறாத கையால் கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி படுத்திருக்கக்கூடும். என் இதயத்தின் நான்கு வால்வுகளும் பிறந்தபோது இருந்தவைதான். ஒன்று கொஞ்சம் ஒழுகுகிறது. அதோடு வாழலாம் என்கிறார்கள். வாழ்ந்துகொண்டிருக்கிறேன்.

ஒன்ராறியோவின் ஸ்காபரோவில் ஒரு பனித்தள அரங்கில் எனக்கு வேலை. சறுக்குபவர்கள் கீறிப் போட்ட பனியைச் சுரண்டி, மேலே சுடுநீர் விட்டு, மறுபடியும் கண்ணாடியாக்கும் வண்டியை மாலையில் ஓட்டுவேன். பகலில் கல்லூரியில் குளிரூட்டல் தொழில் படித்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்தவன் நான் ஒருவன்தான். அப்பாவின் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. அம்மாவுடையது ஓர் இடப்பெயர்வோடு நின்றது. ஆகவே பத்து வயதிலிருந்து வீட்டுக்கு வரும் கடிதங்களை வாசிப்பது, படிவங்களை நிரப்புவது, அலுவலகங்களில் அம்மா அப்பாவுக்காகக் கதைப்பது எல்லாம் என் பொறுப்பு. இந்தக் கதையில் நடந்த பிழைக்கும் அந்தப் பொறுப்புக்கும் தொடர்பு உண்டு.

தொடக்கம் ஒரு கடைவாய்ப் பல். மாரி தொடங்கிய நாட்களில் இடது பக்கக் கன்னம் வீங்கியது. பகுதிநேர வேலைக்குப் பல் காப்புறுதி கிடையாது. இந்த நாட்டில் இதயத்தை வெட்டித் தைத்தாலும் பில் வராது, பல்லைத் தொட்டால் வரும். அம்மா முதலில் கராம்பு வைத்தார். பிறகு ஃபிரிட்ஜின் மேலிருந்த ஐஸ்கிரீம் வாளியை இறக்கினார்.

எங்கள் ஆட்களுக்கு அந்த வாளியை விளக்கத் தேவையில்லை. உங்கள் வீட்டில் அது பிஸ்கற் ரின்னாகவோ சப்பாத்துப் பெட்டியாகவோ இருக்கலாம். எங்களுடையது நாலு லீற்றர் வனிலா வாளி. சின்னம்மா ஒவ்வொரு முறை யாழ்ப்பாணம் போய்வரும்போதும் கொண்டுவரும் மருந்துக் குளிசைகள் அதற்குள் இருக்கும். எந்தக் குளிசைக்கும் பெயர் இல்லை, பயன்தான் உண்டு. காய்ச்சல் குளிசை, வயிற்றுக் குளிசை, சிவப்பும் மஞ்சளுமான "கிருமிக் குளிசை". அம்மா கிருமிக் குளிசையை மூன்று நாள் தந்தார். வீக்கம் வற்றியது, நிறுத்தினோம். இரண்டு கிழமை கழித்துக் காய்ச்சல் வந்தது. மறுபடி மூன்று நாள். போய்விட்டது. மறுபடி வந்தது, மூன்றாம் தடவையும் குளிசை. பல் நோகவே இல்லை என்பதால் பல்லை மறந்துவிட்டோம்.

ஒரு மாலை வேலையில் வண்டியின் இரண்டு படிகளை ஏற முடியவில்லை. விரல் நுனிகளில் சிவப்பாகச் சிறு பொட்டுகள் வந்திருந்தன, தொட்டால் நொந்தன. அப்பா வந்து அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு நேர்ஸ் படிவத்தைப் பார்த்தபடி கேட்டார்: "ஏதாவது மருந்து எடுக்கிறாயா?"

"இல்லை" என்றேன்.

அது பொய் இல்லை. மருந்து என்றால் வைத்தியர் எழுதி, மருந்தகம் பெயர் ஒட்டித் தருவது என்றுதான் என் மனதில் இருந்தது. வாளியில் இருப்பது வீட்டுச் சாமான், மல்லித்தண்ணீர் போல.

நோய் என்னவென்று இரண்டாம் நாள் தெரிந்தது. இதயத்தின் உள்தோலில் கிருமி குடியேறுவது. வாயிலிருந்தோ தோலிலிருந்தோ இரத்தத்தில் இறங்கும் கிருமி ஒரு வால்வில் ஒட்டிக்கொள்ளும். அதைச் சுற்றி ஒரு சிறு முளை வளரும். தொண்டைக்குள் ஒரு குழாயை விட்டு இதயத்தை முதுகுப் பக்கமிருந்து படம் எடுத்தார்கள். படத்தில் என் வால்வு திறந்து மூட, நுனியில் அந்த முளை கிழிந்த கொடி போல ஆடியது. அதில் ஒரு துணுக்கு அறுந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். வால்வையே தின்றுவிட்டால் நெஞ்சைத் திறந்து புதியது பொருத்த வேண்டும்.

எந்தக் கிருமி என்று தெரிந்தால் அதற்குரிய மருந்தைக் கொடுக்கலாம். அதற்கு என் இரத்தத்தை, சூப் போன்ற ஒரு திரவம் உள்ள போத்தல்களில் விட்டுச் சூட்டில் வைத்தார்கள். விதை போட்டு முளைக்கிறதா என்று பார்ப்பது மாதிரி. ஐந்து நாள் பார்த்தார்கள். ஒன்றும் முளைக்கவில்லை.

என் அறையில் இரண்டு கட்டில்கள். சன்னலோரக் கட்டிலில் லோயிட் இருந்தார். தொண்ணூறை எட்டிக்கொண்டிருந்த வெள்ளைக்காரர். குசினியில் அடுப்பருகே விழுந்து மூன்று விலா எலும்புகள் முறிந்து, பிறகு நெஞ்சில் சளியும் பிடித்திருந்தது. மேல்வாய்ப் பற்கள் ஒரு பிளாஸ்ரிக் கோப்பைக்குள் இருந்தன. நான் எங்கே வேலை செய்கிறேன் என்று கேட்டார். சொன்னதும் தலையணையிலிருந்து எழும்பப் பார்த்தார்.

"பனிக்கு என்ன தண்ணீர் விடுகிறாய்?"

"சுடுதண்ணீர்."

"எவ்வளவு சூடு?"

சொன்னேன். தலையை ஆட்டினார். "பரவாயில்லை. ஹொக்கி தெரிந்தவன்தான் உனக்குப் பழக்கியிருக்கிறான்."

அப்படித்தான் அவர் தொழில்முறை ஹொக்கி வீரராக இருந்தவர் என்று தெரிந்தது. அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

ஜோசலின் என்ற நேர்ஸ் ஒவ்வொரு நாலு மணித்தியாலமும் வந்து எங்கள் இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்பார். நோவுக்குப் பூச்சியத்திலிருந்து பத்துக்குள் ஓர் இலக்கம். லோயிட்டின் பதில் எப்போதும் பூச்சியம். ஜோசலின் போனதும் அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இருமலைத் தொண்டையிலேயே விழுங்குவார்.

"பூச்சியமோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது அவர்களுக்கான இலக்கம்" என்றார்.

போத்தல்களில் ஒன்றும் முளைக்காததால் தொற்றுநோய் வைத்தியர் வந்தார். நிதானமாகப் பேசும் பெண். வழக்கமான கிருமி வளரவில்லையென்றால் அபூர்வமான கிருமியாக இருக்கலாம் என்று ஊகித்து விசித்திரமான கேள்விகள் கேட்டார். அம்மாவும் பக்கத்தில் இருந்தார். நான் எனக்கே மொழிபெயர்ப்பாளன்.

"ஆடு, மாடு வளர்க்கிறீர்களா என்று கேக்கிறா, அம்மா."

"ஆடோ? ஒன்பதாம் மாடியில எங்க ஆடு வளர்க்கிறது? வெள்ளிக்கிழமையில ஆட்டிறைச்சி தின்னுறேல்லை எண்டு சொல்லு."

"காய்ச்சாத பால் குடிச்சனோ எண்டு."

"இவன் காய்ச்சின பாலே குடிக்கமாட்டான்."

பிறகு வைத்தியர் அம்மாவைப் பார்த்துக் கேட்டார்: "ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன் வீட்டில் ஏதாவது அன்ரிபயாட்டிக் எடுத்தானா? ஒரு குளிசை என்றாலும்?"

அந்தச் சொல்லைக் கேட்டதும் சிவப்பும் மஞ்சளுமான குளிசை என் கண்ணுக்குள் வந்தது. முதல் தடவையாக. அம்மாவைப் பார்த்தேன்.

"அம்மா, அந்தக் கிருமிக் குளிசையைக் கேக்கிறா போல."

அம்மா முகம் மாறாமல், கையில் இருந்த தோடம்பழத்தை உரித்தபடியே சொன்னார்: "முதல் நாள் என்ன சொன்னனி? இல்லை எண்டுதானே. எழுதியும் போட்டாங்கள். முதல் சொன்னதை மாத்தாதை மோனை. மாத்தினால் பேந்து நீ சொல்லுற ஒண்டையும் நம்பமாட்டாங்கள். சின்னம்மான்ர சிற்றிசன் சோதனையும் வருது. உதுக்குள்ள அவளை இழுக்காதை."

நான் வைத்தியரிடம் திரும்பி, "இல்லை" என்றேன்.

அவர் போனபின் சன்னலோரத்திலிருந்து குரல் வந்தது. "உன் அம்மா சொன்னது நீளமாக இருந்தது. நீ சொன்னது ஒரு சொல்."

நான் அம்மா உரித்துத் தந்த தோடம்பழச் சுளையை வாயில் போட்டேன்.

அம்மாவைப் பிழையாக நினைக்க வேண்டாம். அவருடைய விதி சும்மா வந்ததில்லை. அப்பா இங்கே வந்து அகதிக் கோரிக்கை கொடுத்தபோது, முதல் படிவத்தில், ஊரில் இராணுவம் தன்னை இரண்டாம் தடவை பிடித்துக்கொண்டுபோனதை எழுதவில்லை. எழுதினவர் அவசரப்படுத்தினாராம். விசாரணை நாளில் அதைச் சொன்னார். ஏன் முதலே சொல்லவில்லை என்று கேட்டார்கள். உண்மையைக் கூட்டிச் சொன்னதால் முழுவதுமே பொய் என்று கோரிக்கை விழுந்தது. மேன்முறையீட்டில் வெல்ல இரண்டு வருசம். அந்த இரண்டு வருசமும் அம்மா வாசல்மணிக்குப் பயந்து இருந்தவர். முதல் சொன்னதே கடைசி வரைக்கும் என்பதுதான் எங்கள் வீட்டின் ஒரே சட்டம். நான் அதில் வளர்ந்தவன்.

அடுத்த நாட்களில் எனக்கு மூன்று மருந்துகள் சேர்த்து ஏறின. அபூர்வக் கிருமிகளுக்கும் சேர்த்து. அதில் ஒன்று சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது என்பதால் தினமும் இரத்தம் எடுத்தார்கள். காய்ச்சல் ஒவ்வொரு பின்னேரமும் நேரம் தவறாமல் வந்தது. அப்பா பேக்கரி வேலை முடிந்து மாவு ஒட்டிய கையோடு வருவார். என் முகத்துக்கு நுரை பூசிச் சவரம் செய்துவிடுவார். வாகனத் தரிப்பிடத்துக்கு மணித்தியாலத்துக்குக் காசு என்பதால், இரண்டு தெரு தள்ளிக் காரை விட்டுப் பனியில் நடந்துவருகிறார் என்பதை அவர் சப்பாத்தைப் பார்த்துத்தான் அறிந்தேன். அம்மா இடியப்பமும் சொதியும் கொண்டுவருவார். பல்லில்லாத லோயிட்டுக்கும் ஒரு கிண்ணத்தில் ஊறவைத்துக் கொடுப்பார். "இந்த மஞ்சள் சூப்பின் பெயர் என்ன?" என்று லோயிட் கேட்டு, ஒவ்வொரு நாளும் மறந்து, மறுநாளும் கேட்பார்.

காய்ச்சல் ஏறும் பின்னேரங்களில் நான் கேட்பேன், லோயிட் தன் கதையைச் சொல்வார்.

வடக்கு ஒன்ராறியோவில் ஒரு நிக்கல் சுரங்க ஊர். பதினாறு வயதில், ஹொக்கி அணியொன்றுக்கு ஆள் பிடிப்பவர் வீட்டுச் சமையலறைக்கு வந்து ஒரு படிவத்தை நீட்டினாராம். சுரங்கத்திலிருந்து அப்போதுதான் வந்த தகப்பன், கழுவாத கையால் கையெழுத்து வைத்தார். அன்றிலிருந்து லோயிட் அந்த அணிக்குச் சொந்தம். வேறெங்கும் ஆட முடியாது.

"அந்தப் படிவத்தில் என்ன எழுதியிருந்தது?"

"யாருக்குத் தெரியும்? வாசிக்க ஆள் இல்லை. உன்னைப் போல ஒருவன் எங்கள் வீட்டில் இருக்கவில்லை."

பெரிய லீக்கில் அப்போது ஆறே அணிகள். முழுக் கண்டத்திலும் அந்த மட்டத்தில் நூற்றிச் சொச்ச வேலைகள்தான். கீழே சிறிய லீக்குகளில் நூற்றுக்கணக்கானவர்கள், மேலே யாருக்காவது கால் முறியாதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். லோயிட் அவர்களில் ஒருவர். குளிர்காலம் முழுக்கப் பஸ். ஓர் ஊரில் ஆடி, ஈர உடுப்போடு ஏறி, விடியும்போது அடுத்த ஊர். தலைக்கவசம் இல்லை. உதடு கிழிந்தால் அணியின் கையாள் இரண்டு தையல் போட்டுவிட, அதே ஆட்டத்தில் திரும்பவும் இறங்குவார்கள். கோடையில் சம்பளம் நின்றுவிடும். ஊருக்குப் போய் உருக்காலையில் வேலை.

"ஆறு வருசம் காத்திருந்தேன். ஒரு ஜனவரியில் மேலே ஒருவனுக்குக் கால் முறிந்தது. நல்ல பையன். நான் சந்தோசத்தில் குதித்தேன். கடவுள் மன்னிப்பாராக."

பெரிய லீக்கில் அவர் பத்தொன்பது ஆட்டங்கள் ஆடினார். ஒரு கோல்கூட இல்லை.

"ஒன்றுமே இல்லையா?" என்று கேட்டுவிட்டேன்.

"நான் தடுப்பாட்டக்காரன். கோல் போடுவது என் வேலையில்லை. வருகிற பந்துக்கு உடம்பைக் கொடுப்பதுதான் வேலை." பந்து என்று நான் எழுதுவது அந்தக் கறுப்பு ரப்பர் வட்டை. உறைந்தால் அது கல். பதினான்காம் ஆட்டத்தில் அது அவருடைய இடது மணிக்கட்டில் பட்டது. எலும்புக்குள் ஏதோ நகர்ந்தது தெரிந்ததாம். நோகிறதா என்று பயிற்றுநர் கேட்டார். இல்லை என்றார். கையுறைக்குள் பட்டி சுற்றிக்கொண்டு இன்னும் ஐந்து ஆட்டம் ஆடினார். அதன் பிறகு மட்டையைப் பிடிக்கவே முடியவில்லை. அணி வைத்தியரிடம் போய் உண்மையைச் சொன்னார். கைக்கு மாக்கட்டு. கட்டுப் பிரித்த நாளில் அவருடைய இலக்கம் போட்ட சட்டையை இன்னொருவன் போட்டிருந்தான். கீழே அனுப்பினார்கள். இன்னும் ஒன்பது வருசம் பஸ்ஸில் திரிந்தார். மேலேயிருந்து தொலைபேசி வரவே இல்லை.

"ஐந்து ஆட்டம் பொய் சொன்னேன், வேலை இருந்தது" என்றார். "ஒரு நாள் உண்மை சொன்னேன், வேலை போய்விட்டது. அவர்களுக்கு எப்போதும் பூச்சியம் என்று சொல்."

அம்மாவும் லோயிட்டும் ஒருவரோடொருவர் பத்துச் சொல் பேசியிருக்கமாட்டார்கள். ஆனால் இருவரும் எனக்குச் சொன்னது ஒன்றுதான். அதுவும் சும்மா சொல்லவில்லை. இருவரும் அதற்கு விலை கொடுத்தவர்கள். காய்ச்சலில் படுத்திருந்த எனக்கு அது மறுக்க முடியாத சட்டம் போலிருந்தது.

பதினோராம் நாள் காலை இதய அறுவைச் சிகிச்சை நிபுணர் வந்தார். முளை சுருங்கவில்லை, காய்ச்சல் நிற்கவில்லை, சிறுநீரக அளவுகள் ஏறத் தொடங்கிவிட்டன. கிருமி இன்னது என்று தெரியாமல் நீண்ட நாள் காத்திருக்க முடியாது என்றார். நெஞ்செலும்பைப் பிளந்து, முளையை வெட்டி, தேவையென்றால் வால்வை மாற்றுவது. உலோக வால்வு என்றால் வாழ்நாள் முழுக்க இரத்தத்தை இளக்கும் மருந்து. எனக்கு இருபத்து நாலு வயது. சம்மதப் படிவத்தோடு பின்னேரம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா அப்போது இல்லை, வேலையில். லோயிட் மதியச் சாப்பாட்டுத் தட்டோடு போராடிக்கொண்டிருந்தார். ஜெலிக் கோப்பையின் மூடியை உரிக்க வேண்டும். இடது கையால் கோப்பையைப் பிடிக்க அவருக்கு முடிவதில்லை. அந்த மணிக்கட்டு மடங்காது. நான் மருந்து தொங்கும் ஊசிக் கம்பத்தையும் தள்ளிக்கொண்டு போய் உரித்துக் கொடுத்தேன்.

"அந்தக் கைதானே?" என்றேன்.

"அதேதான்."

"பந்து பட்ட அன்றைக்கே சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்?"

கரண்டியை ஜெலிக்குள் குத்தியபடி வைத்திருந்தார். "டொக்டரும் அதைத்தான் சொன்னார். அன்றைக்கே வந்திருந்தால் மூன்று கிழமையில் திரும்ப ஆடியிருக்கலாமாம். அந்த ஐந்து ஆட்டத்தில்தான் எலும்பு நொறுங்கிப்போனதாம்." ஒரு வாய் சாப்பிட்டார். "அவருக்கு என்ன தெரியும்" என்றார்.

நான் என் கட்டிலில் வந்து அமர்ந்து எண்ணினேன். அவருடைய வேலையைப் பறித்தது உண்மை சொன்ன அந்த ஒரு நாள் இல்லை. அதற்கு முந்தின ஐந்து ஆட்டம். நான் எத்தனையாவது ஆட்டத்தில் இருக்கிறேன்?

பின்னேரம் நிபுணரும் தொற்றுநோய் வைத்தியரும் சேர்ந்து வந்தார்கள். அம்மாவும் தொழிற்சாலைச் சீருடையோடு ஓடிவந்திருந்தார். படிவம் என் மடியில், பேனா கையில். நான் கையெழுத்து வைக்கவில்லை.

"முதல் நாள் நான் சொன்னது பிழை" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "நான் அன்ரிபயாட்டிக் எடுத்திருக்கிறேன். மூன்று தடவை. கடைசியாக, இங்கே வருவதற்கு முந்தின நாள். அதை நிறுத்தி நிறுத்தி எடுத்தேன். ஒரு பல்லுக்காகத் தொடங்கியது."

அம்மாவுக்கு அவ்வளவு ஆங்கிலம் விளங்கும். கண்ணை மூடிக்கொண்டார்.

ஏன் முதலே சொல்லவில்லை என்ற கேள்விக்காகக் காத்திருந்தேன். அப்பாவின் கதையைக் கேட்டு வளர்ந்ததால் அந்தக் கேள்வியின் சத்தம்கூட எனக்குத் தெரியும். தொற்றுநோய் வைத்தியர் கதிரையை இழுத்து என் அருகே போட்டு உட்கார்ந்தார்.

"குளிசை என்ன நிறம்?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். பிறகு எந்தப் பல், எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை. எழுதினார். ஏன் போத்தல்களில் ஒன்றும் முளைக்கவில்லை என்பதை எனக்கு விளங்கப்படுத்தினார். அரைகுறையாக எடுத்த மருந்து கிருமியைக் கொல்லாது. ஆனால் அதை மயங்க வைக்கும், போத்தலில் வளரவிடாது. நாங்கள் வேறு எதையோ தேடி உன் சிறுநீரகத்துக்குக் கரைச்சல் கொடுத்துவிட்டோம் என்றார். "கொடுத்துவிட்டோம்" என்று தன் மேல் போட்டுக்கொண்டார். நிபுணர் படிவத்தை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு, "இரண்டு நாள் தருகிறேன்" என்றார்.

குளிசையின் சரியான பெயர் வேண்டும் என்றார்கள். அம்மாவுக்கு நான் சொன்னேன். அவர் எழும்பிப் போய்விட்டார். கோபத்தில் போகிறார் என்றுதான் நினைத்தேன். ஒரு மணித்தியாலத்தில் திரும்பிவந்தார், பேருந்தில், மடியில் வனிலா வாளியோடு. குளிசை ஒன்றைக் கேட்டோம், அவர் வாளியையே கொண்டுவந்துவிட்டார்.

மருந்தாளர் ஒருவர் வந்து சாப்பாட்டு மேசையில் அதைக் கொட்டினார். பாதி வெட்டிய அட்டைகள், பேப்பரில் சுற்றியவை, பெயர் அழிந்தவை. அம்மா ஒவ்வொன்றையும் காட்டி என்னிடம் சொல்ல, நான் ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தேன். இது சின்னம்மா போன வருசம் கொண்டுவந்தது, இது பக்கத்து வீட்டு அன்ரி தந்தது, இது என்னத்துக்கு எண்டு தெரியாது, ஆனால் நல்ல மருந்து. மருந்தாளர் சிரிக்கவில்லை. ஒவ்வொன்றாக எழுதினார். சின்னம்மாவின் பெயரை யாரும் கேட்கவில்லை.

சன்னலோரத்திலிருந்து லோயிட் சொன்னார்: "இந்த முறை நீளம் சரியாக இருக்கிறது."

மறுநாள் வாயைப் படம் எடுத்தார்கள். நோகாத அந்தப் பல்லின் வேரடியில் ஒரு சீழ்ப்பை அமைதியாக இருந்தது. பல்லைப் பிடுங்கினார்கள். சீழில் கிருமி முளைத்தது. வாயில் எல்லோருக்கும் இருக்கிற சாதாரணக் கிருமி. என் இரத்தத்தில் கிருமியின் தடயத்தைத் தேடும் இன்னொரு பரிசோதனையும் அதையே சொன்னது. மூன்று மருந்துகளை நிறுத்தி ஒன்றைக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் பின்னேரம் காய்ச்சலுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. நாலாம் நாளும் வரவில்லை. அப்பா சவரம் செய்யும்போது புறங்கையை என் நெற்றியில் வைத்தவர் எடுக்க மறந்துவிட்டார். அறுவைச் சிகிச்சைப் படிவம் திரும்ப வரவேயில்லை.

பல் போன இடத்தை லோயிட்டுக்குக் காட்டினேன். "ஒன்றா?" என்றார் இளக்காரமாக. "எனக்கு ஒரே இரவில் மூன்று போனது. வாயைத் துடைத்துவிட்டு நன்றாக இருக்கிறேன் என்று சொல்லி இறங்கினேன்."

அப்போது ஜோசலின் வந்தார். "லோயிட், நோ எவ்வளவு?"

"பூச்சியம்."

லோயிட் கம்பியைப் பிடித்து இருமலை விழுங்குவதைத் தினமும் பார்த்த அம்மா, தோடம்பழத்தைக் கீழே வைத்தார். அம்மாவின் ஆங்கிலம் பொதி கட்டும் தொழிற்சாலையில் கற்றது. அதில் கட்டளைகள் மட்டும்தான் உண்டு. "இல்லை" என்றார் லோயிட்டிடம். "பொய் வேண்டாம். உண்மை சொல்லு. இப்ப."

அத்தனை நாள் என்னைப் பொய் சொல்ல வைத்தவர் இதைச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது, நெஞ்சு நோகாமல் சிரித்தேன். லோயிட் சிரிக்கவில்லை. அம்மாவைப் பார்த்தார், பிறகு தன் மணிக்கட்டைப் பார்த்தார்.

"ஏழு" என்றார்.

ஜோசலினின் பேனா நின்றது. "எப்போதிலிருந்து?"

"வந்த நாளிலிருந்து."

ஜோசலின் வைத்தியரைக் கூப்பிட்டார். விலா முறிந்தவர் நோவுக்குப் பயந்து ஆழமாக மூச்செடுக்காவிட்டால் சளி வெளியே வராது, அதனால்தான் அவருக்கு நெஞ்சு தெளியவில்லை என்று சொன்னார்கள். மருந்து கொடுத்தார்கள். ஒரு மணித்தியாலம் கழித்து லோயிட் இருமினார். விழுங்காமல், முழு இருமல். அம்மா கோப்பையைப் பிடித்தார். "இனி என்னை ஆடவிடாமல் வெளியே வாங்கில் உட்கார வைத்துவிடுவார்கள்" என்று லோயிட் என்னிடம் முறைப்பட்டார். ஐந்தாம் நாள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்துபோனார். போகும்போதும் சொதியின் பெயரைக் கேட்டார்.

நான் கையில் ஒரு நீண்ட மெல்லிய குழாயோடு வீட்டுக்கு வந்தேன். ஒரு நேர்ஸ் தினமும் வந்து அதன் வழியாக மருந்து ஏற்றினார், ஆறு கிழமை. பிந்தியென்றாலும் பரீட்சை எழுதினேன். இப்போது மறுபடி வண்டி ஓட்டுகிறேன். சுடுதண்ணீரின் சூட்டை மானியில் பார்க்கும்போதெல்லாம் லோயிட் தலையாட்டுவது நினைவுக்கு வரும்.

போன மாதம் இதய கிளினிக்கில் ஒரு படிவம் தந்தார்கள். வீட்டில் எடுக்கும் எல்லா மருந்துகளையும் எழுதவும் என்று இருந்தது. கீழே நாலு கோடுகள். நான் எழுதத் தொடங்க, அம்மா பக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டே வந்தார். அந்தக் குளிசை, இந்தக் குளிசை, கராம்பு, மல்லித்தண்ணீர், சின்னம்மா தந்த எண்ணெய், அதை எந்தப் பக்கம் பூசினது என்பது உட்பட. நாலு கோடும் முடிந்து ஓரத்தில் எழுதிக்கொண்டிருந்தேன்.

அம்மா எட்டிப் பார்த்தார்.

"உதுக்குள்ள இடம் காணாது மோனை" என்றார். "இன்னொரு பேப்பர் கேள்."